எஞ்சினுக்குப் புத்தகம் எதற்கு என்பவர்களுக்கு

"ஸ்டாக்ஃபிஷ் இருக்கும்போது ஓபனிங் புக் எதுக்கு சார்?" வாலாஜாபாத், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை செஸ் போர்டு விரிகிற இடத்துக்கெல்லாம் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. கேட்பவர் நைட் ஷிப்ட் முடித்த கையோடு பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிவந்த அப்பாவாக இருக்கலாம். பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கும் கோச்சாகவும் இருக்கலாம். கேள்வி போலத் தோன்றினாலும் அது தீர்ப்பு. சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின் உலகச் சாம்பியனையே தோற்கடிக்கும். அதற்குப் போய் முதல் பத்து நகர்வை யாராவது சொல்லிக்கொடுப்பார்களா என்பது அவர்கள் நினைப்பு.

இந்தத் தீர்ப்புக்கு மூன்று வாதங்கள் முட்டுக்கொடுக்கின்றன. எஞ்சின் பலசாலி, அதனால் அதற்குப் புத்தகம் தேவையில்லை என்பது முதலாவது. அப்படியே தேவைப்பட்டாலும் லட்சக்கணக்கான ஆட்டங்களை ஒரு புரோகிராமில் கொட்டினால் புத்தகம் தானாக வந்துவிடும், அதில் மனிதனுக்கு வேலை இல்லை என்பது இரண்டாவது. புத்தகம் என்றாலே மனப்பாடம், அது பிள்ளைகளின் யோசனையைக் கெடுத்துவிடும் என்பது மூன்றாவது. பயனே இல்லாத ஒன்று எப்படி யோசனையைக் கெடுக்கும் அளவுக்கு வலுவானதாக இருக்க முடியும் என்று யாரும் கேட்பதில்லை. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

மூன்றும் தவறு. எஞ்சினிடம் இருக்கும் ஓட்டையை அடைப்பதற்காக யாரும் புத்தகம் கட்டுவதில்லை. எந்த நிலையிலிருந்து, எப்படிப்பட்ட எதிராளிக்கு எதிராக, எதைத் தெரிந்துகொள்ள ஆடுகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யும் வேலை அது. கணக்குப் போடும் பலம் எவ்வளவு கூடினாலும் அந்த முடிவை எஞ்சின் எடுக்காது. பலம் கூடக் கூட அந்த முடிவுக்கு மதிப்பும் கூடுகிறது.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே புத்தகம் என்பது அச்சடித்த புத்தகம் இல்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் எஞ்சின் யோசிக்காமல் எடுத்து ஆடுவதற்கான நகர்வுகள் அடங்கிய ஒரு கோப்பு. பரவலாகப் புழங்கும் இலவச வடிவம் பாலிகிளாட். ஃப்ரூட் என்ற எஞ்சினை எழுதிய ஃபேபியன் லெதூசே உருவாக்கியது. அதில் ஒவ்வொரு பதிவும் 16 பைட். நிலையைக் குறிக்கும் எண்ணுக்கு 8, நகர்வுக்கு 2, அந்த நகர்வின் எடைக்கு 2, மீதி 4 கற்றல் விவரத்துக்கு. நகர்வு வரிசையை அது பார்ப்பதில்லை, போர்டில் உள்ள நிலையை மட்டுமே பார்க்கிறது. வெள்ளை டி4, சி4, குதிரை எஃப்3 என்று ஆடினாலும், குதிரை எஃப்3, சி4, டி4 என்று ஆடினாலும், கறுப்பின் பதில்கள் அவையேதான் என்றால் வந்து சேரும் நிலை ஒன்று, பதிவும் ஒன்று. ஒரு நிலைக்கு மூன்று நகர்வுகள் இருந்து அவற்றின் எடை 60, 30, 10 என்றால் எஞ்சின் ஏறக்குறைய அந்த விகிதத்தில் மாற்றி மாற்றி ஆடும். ஒரு லட்சம் பதிவு போட்டாலும் கோப்பு 1.6 எம்.பி.தான். கட்டுகிறவனின் யோசனை முழுவதும் அந்த 2 பைட் எடையில் இருக்கிறது.

பலசாலிக்குப் புத்தகம் வேண்டாமா?

1997 மே 11, நியூயார்க். டீப் ப்ளூ என்ற செஸ் கணினிக்கும் உலகச் சாம்பியன் காஸ்பரோவுக்கும் ஆறாவது ஆட்டம். கறுப்பில் ஆடிய காஸ்பரோவ் காரோ-கான் ஓபனிங்கை எடுத்தார். ஏழாவது நகர்வில் சிப்பாயை எச்6-க்குத் தள்ளினார். டீப் ப்ளூ குதிரையைக் கொடுத்து இ6 சிப்பாயை அடித்தது. குதிரைக்குப் பதிலாக உடனே எதுவும் திரும்பக் கிடைக்காத, நீண்டகாலத் தாக்குதலை மட்டும் நம்பிச் செய்யும் தியாகம் அது. அந்தக் காலத்துக் கணினிகள் இப்படிப்பட்ட தியாகத்தைத் தாங்களாகச் செய்வது அரிது. காஸ்பரோவ் 19 நகர்வில் தோற்றார், போட்டியும் 3.5–2.5 என்று போனது. அந்த நகர்வு டீப் ப்ளூவின் கணக்கில் பிறந்தது இல்லை, புத்தகத்தில் இருந்தது. அதை அன்று காலையில்தான் சேர்த்தோம் என்று அணியில் இருந்த ஸ்பெயின் கிராண்ட்மாஸ்டர் மிகெல் இயெஸ்காஸ் பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் சொன்னார்.

டீப் ப்ளூ நொடிக்கு சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்த இயந்திரம். அதன் கைப்படக் கட்டிய புத்தகத்தில் இருந்தவை சுமார் 4,000 நிலைகள். கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் முதன்மையாகக் கட்டினார். நிக் டி ஃபிர்மியன், ஜான் ஃபெடரோவிச், இயெஸ்காஸ் உதவினார்கள். 7 லட்சம் ஆட்டங்களிலிருந்து தானாகத் திரட்டிய இன்னொரு தொகுப்பும் அதனிடம் இருந்தது. ஆனால் கையால் கட்டிய அந்த 4,000 நிலைகளில் ஒவ்வொன்றையும் இரவெல்லாம் இயந்திரத்தை ஓடவிட்டுச் சரிபார்த்தார்கள். எந்த மாதிரி நிலைகளில் டீப் ப்ளூ நன்றாக ஆடுமோ அவற்றுக்கு அதைக் கொண்டுபோகும்படி ஓபனிங்குகளைத் தேர்ந்தெடுத்தார்கள். செஸ் உலகின் ஆகப் பெரிய கணக்குப் பலத்தை வைத்திருந்தவர்களே 4,000 நிலைகளுக்கு நான்கு கிராண்ட்மாஸ்டர்களை உட்கார வைத்தார்கள். பலம் இருந்தால் புத்தகம் வேண்டாம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

"அது பழைய கதை, ஆல்ஃபாஸீரோ வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது" என்பார்கள். இந்த எதிர்வாதம் வலுவானது, அதைப் பூசி மெழுகக் கூடாது. தானே கற்கும் எஞ்சினான ஆல்ஃபாஸீரோவுக்கு மனித ஆட்டம் ஒன்றுகூடக் காட்டப்படவில்லை. தன்னோடு தானே 4.4 கோடி ஆட்டங்கள் ஆடிக் கற்றுக்கொண்டது. 2017 டிசம்பரில் வெளியான முதல் முடிவுகளில் ஸ்டாக்ஃபிஷை 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா என்று வென்றது. ஸ்டாக்ஃபிஷுக்குப் புத்தகம் கொடுக்காமல் ஆடவைத்தது நியாயமா என்று அப்போது சத்தம் எழுந்தது. 2018-இல் வெளியான முழு ஆய்வில் புத்தகத்தோடு வந்த ஸ்டாக்ஃபிஷையும் அது வென்றது. ஆக, வெல்வதற்குப் புத்தகம் கட்டாயம் என்று யாராவது சொன்னால் அவர் தோற்றுவிட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் அந்த 2018 ஆய்வையே முழுதாகப் பாருங்கள். ஆல்ஃபாஸீரோ உண்மையிலேயே வலுவானதா, அல்லது தனக்குப் பிடித்த சில நிலைகளில் மட்டும் வலுவானதா என்று தெரிந்துகொள்ள அவர்கள் என்ன செய்தார்கள்? மனிதர்கள் வழக்கமாக ஆடும் ஓபனிங் நிலைகளிலிருந்தும், எஞ்சின் சாம்பியன்ஷிப்பான டிசெக்கில் பயன்படுத்திய நிலைகளிலிருந்தும் அதை ஆடவைத்துப் பார்த்தார்கள். புத்தகம் தேவையில்லாத இயந்திரம் என்பதை நிரூபிக்கவே ஒரு புத்தகம் தேவைப்பட்டது.

டிசெக் இன்றும் அப்படித்தான் நடக்கிறது. சூப்பர்ஃபைனலில் 100 ஆட்டங்கள். 50 ஓபனிங் நிலைகள், ஒவ்வொன்றும் நிறம் மாற்றி இரண்டு முறை. அவற்றைப் பல சீசன்களாகத் தேர்ந்தெடுத்துவருபவர் நெதர்லாந்தின் யெரோன் நோமன், ஒருகாலத்தில் ரிப்கா எஞ்சினுக்குப் புத்தகம் கட்டியவர். காரணம் எளிது. இன்றைய இரண்டு பெரிய எஞ்சின்களைச் சும்மா தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால் டிரா, டிரா, மறுபடியும் டிரா. யார் வலுவானவர் என்றே தெரியாது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த, ஆனால் தோற்றுத்தான் ஆகவேண்டும் என்றில்லாத நிலையைத் தேடிக் கொடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். மிகவும் சாய்ந்திருந்தால் இரண்டு எஞ்சினும் அதே நிறத்தில் ஜெயித்து 1–1 ஆகிவிடும். சாயவே இல்லை என்றால் இரண்டும் டிரா. இடையில் இருக்கும் அந்தக் குறுகலான இடத்தைத் தேடுவதுதான் நோமனின் வேலை. எஞ்சின்கள் வலுவாக வலுவாக அந்த இடம் சுருங்குகிறது, வேலை கடினமாகிறது. புத்தகத்துக்குச் சாவுமணி அடித்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இன்னொன்றும் உண்டு. ஸ்டாக்ஃபிஷ் தன்னுடன் புத்தகம் எதையும் வைத்துக்கொள்வதில்லை, அது உண்மை. ஆனால் அதன் ஆட்டத்தை மாற்றும் ஒவ்வொரு திருத்தமும் பழைய பதிப்போடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பார்த்த பிறகே சேர்கிறது. அந்த ஆட்டங்கள் தொடங்குவது ஒரு புத்தகத்திலிருந்து. ஜெர்மனியின் ஸ்டீஃபன் போல் திரட்டிய, வேண்டுமென்றே சாய்வாக வைத்த மனித ஓபனிங்குகளின் தொகுப்பு அதற்குப் பயன்பட்டிருக்கிறது. புத்தகம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரே கோரில், நிலைகளின் எண்ணிக்கையைக் கட்டிவைத்து ஓட்டினால் எஞ்சின் அதே ஆட்டத்தை அச்சுப் பிசகாமல் திரும்ப ஆடும். ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் ஓர் ஆட்டம் ஆடியதற்குச் சமம். "புத்தகமே வேண்டாத எஞ்சின்" என்று நம் வட்டாரத்தில் புகழப்படும் ஸ்டாக்ஃபிஷ், புத்தகத்தின் மேல் நின்றுதான் இந்த உயரத்துக்கு வந்தது.

கொட்டினால் வருமா?

இரண்டாவது வாதக்காரர்கள் கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள். "டேட்டாபேஸ் இருக்கு, புரோகிராம் இருக்கு, பட்டனைத் தட்டினா புக்" என்பார்கள். பென்டிரைவில் போட்டு, இத்தனை லட்சம் கேம்கள் உள்ள மெகா புக் என்று விற்பவர்களும் உண்டு.

பட்டனைத் தட்டினால் என்ன நடக்கிறது? பாலிகிளாட் ஒரு நகர்வுக்குக் கொடுக்கும் எடை இப்படி: அந்த நகர்வை ஆடியவர் ஜெயித்தால் 2, டிரா என்றால் 1, தோற்றால் 0. அவ்வளவையும் கூட்டு. அந்த நகர்வு ஏன் ஆடப்பட்டது, எங்கே தவறு நடந்தது, யார் ஆடினார் என்பது எதுவும் அதற்குத் தெரியாது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டம். டிங் லிரென் வெள்ளையில் குதிரை எஃப்3, பிறகு ஜி3 என்று அமைதியாகத் தொடங்கினார். டிராவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த ஆட்டத்தில் 55-ஆவது நகர்வாக யானையை எஃப்2-க்கு வைத்தார். நம்ம ஊர் குகேஷ் அந்தத் தவறைப் பிடித்தார், 7.5–6.5 என்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இந்த ஆட்டத்தைத் தானியங்கிப் புத்தகத்தில் கொட்டுங்கள். 55-ஆவது நகர்வில் நடந்த தவறுக்கான தண்டனை முதல் நகர்வான குதிரை எஃப்3-க்கும் இரண்டாவதான ஜி3-க்கும் போய்ச் சேரும். அந்த இரண்டுக்கும் பூஜ்யம். பல மணி நேர ஆட்டத்தின் முடிவை அதன் முதல் நிமிடத்தில் கட்டி எழுதும் இந்தக் கணக்கு, ஆட்டங்கள் கோடியாகப் பெருகும்போது ஓரளவு சமன்படும். ஆனால் புத்தகத்தின் ஆழத்தில், ஐந்தாறு ஆட்டங்களே இருக்கும் கிளைகளில் சமன்படாது. புத்தகம் தேவைப்படுவதோ அங்கேதான்.

இதைவிட நல்ல எடுத்துக்காட்டும் சென்னைக்காரருடையதே. 1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரம். அந்த ஆண்டு இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விஸ்வநாதன் ஆனந்த், கொலம்பியாவின் அலோன்ஸோ சபாட்டாவுக்கு எதிராகக் கறுப்பில் பெத்ரோவ் ஓபனிங் ஆடினார். ஐந்தாவது நகர்வில் மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவந்தார். சபாட்டா ராணியை இ2-வில் வைத்தார். இ4-இல் நின்ற கறுப்புக் குதிரைக்குப் பின்னால் அதே வரிசையில் ராஜா. குதிரையை நகர்த்த முடியாது. டி5 சிப்பாயால் தாங்கினால் வெள்ளை டி3 தள்ளி அடிக்கும். ராணியை இ7-இல் வைத்துத் தாங்கினால் வெள்ளைக் குதிரை டி5-க்குத் தாவி ராணியை விரட்டும். ஆனந்த் அங்கேயே கைகொடுத்தார். ஆறு நகர்வு ஆட்டம்.

மந்திரி எஃப்5 அவர் கண்டுபிடித்ததில்லை. முந்தைய ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் மைல்ஸும் கிறிஸ்டியான்ஸனும் ஆடிய ஆட்டத்தில் வந்தது. இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். மைல்ஸ் ராணி இ2 ஆடவில்லை, ஆட்டம் டிரா. இப்போது பட்டனைத் தட்டிப் பாருங்கள். அந்த ஓர் ஆட்டத்தை வைத்து, கிராண்ட்மாஸ்டர் ஆடிய, தோல்வியே காணாத நகர்வு என்று மந்திரி எஃப்5-க்கு 1 மதிப்பெண் விழும். அதே வேலையைக் கண்ணால் செய்யும் ஆள், குதிரையும் ராஜாவும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்த மாத்திரத்தில் பேனாவை எடுத்து அடித்திருப்பார். உலகச் சாம்பியன் ஆகப்போகும் ஒருவரையே அச்சில் வந்த ஆட்டம் ஏமாற்றும் என்றால், பென்டிரைவில் வரும் பல லட்சம் ஆட்டங்களுக்கு யார் பொறுப்பு?

"இன்றைக்கு எஞ்சினே இதைப் பிடித்துவிடுமே" என்றால், ஆமாம், பிடிக்கும், யாராவது அதைக் கேட்டால். கேட்பதற்குப் பெயர்தான் புத்தகம் கட்டுவது. ஆட்டங்களைத் திரட்டி, பலவீனமானவற்றைச் சலித்து, கிளைகளின் கடைசி நிலைகளை எஞ்சினிடம் கொடுத்து மதிப்பெண் வாங்கி, அந்த மதிப்பெண்ணைக் கிளை வழியாகப் பின்னோக்கி முதல் நகர்வு வரை கொண்டுவந்து, ஒத்துவராத கிளைகளை வெட்டி, மிச்சத்துக்கு எடை போட வேண்டும். புத்தகம் முடிந்து எஞ்சின் சொந்தமாக யோசிக்கத் தொடங்கும் நிலை ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். நல்ல நகர்வாகவே பத்து ஆடிவிட்டு, பதினொன்றாவதில் தனக்குப் புரியாத நிலையில் போய் நிற்கும் எஞ்சினுக்கு அந்தப் பத்தும் வீண். வேலையில் பாதி எஞ்சினுடையது, மீதி கட்டுகிறவருடையது. பட்டன் இந்த இரண்டையுமே செய்வதில்லை.

மனப்பாடம் என்னும் பூச்சாண்டி

மூன்றாவது வாதம் கேட்க உயர்வாக இருக்கும். "பிள்ளை யோசிக்கணும் சார், மனப்பாடம் பண்ணக் கூடாது." இதற்குத் துணையாகக் குகேஷையே இழுப்பார்கள். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா கிராண்ட்மாஸ்டர் நிலைக்கு வரும்வரை அவரை எஞ்சின் பக்கம் போகவிடவில்லை என்பது தெரிந்த செய்திதான். நல்ல முடிவு. ஆனால் அது எஞ்சினைப் பற்றிய முடிவு. சொந்தமாக யோசித்து, எந்த நிலைக்கு எதை ஆடுவது என்று முடிவுசெய்து எழுதிவைப்பதை அது தடுக்கவில்லை, அதைத்தான் வற்புறுத்துகிறது. எஞ்சின் சொல்லுக்குத் தலையாட்டாமல் ஒரு நகர்வைத் தேர்ந்தெடுத்து அதற்குக் காரணம் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் புத்தகம் கட்டவே வரும்.

2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் உலகச் சாம்பியன் பட்டத்துக்காகக் கிராம்னிக்கோடு மோதியபோது ஆனந்த் என்ன செய்தார் என்று பாருங்கள். ஆயுள் முழுக்க இ4 ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர் வெள்ளையில் டி4-ஐக் கையில் எடுத்தார். கறுப்பில் செமி-ஸ்லாவின் மெரான் கிளையில், 14-ஆவது நகர்வாக மந்திரியை பி7-க்குக் கொண்டுபோகும் கூரான வழியை வைத்திருந்தார். மூன்றாவது ஆட்டத்தில் அதை எடுத்தார், வென்றார். ஐந்தாவதில் கிராம்னிக் அதே இடத்துக்கு வந்தார். அங்கும் வென்றார். போட்டி 6.5–4.5. பின்னால் பீட்டர் ஹைனே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், ராடோஸ்லாவ் வொய்டாஷெக், நம்ம சூர்ய சேகர் கங்குலி ஆகியோரின் மாதக்கணக்கான உழைப்பு இருந்தது. இதை மனப்பாடம் என்று சொல்பவர், கிராம்னிக்குக்குச் சலிப்பூட்டும் பாதுகாப்பான நிலைகள் பிடிக்கும், கணக்குப் போட வேண்டிய நிலைகளில் அவரை இழுத்துவிட வேண்டும் என்ற முடிவை எந்தப் பாடப்புத்தகத்தில் படித்து ஒப்பித்தார்கள் என்று காட்டட்டும். மனப்பாடம் அந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகள் எல்லாம் யோசனை.

புத்தகத்தை ஒழிக்கவே முன்னாள் உலகச் சாம்பியன் ஃபிஷர் 1996-இல் காய்களைக் கலைத்து வைக்கும் செஸ் 960-ஐ அறிவித்தார் என்பார்கள். சரி. புத்தகம் போனால் முதல் நகர்விலேயே யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் பதினொரு வயதுக்குட்பட்டோர் போட்டியில் பிள்ளைகள் ஆடுவது பழைய செஸ். அங்கே எதிரில் உட்காரும் பிள்ளை நான்காவது நகர்வில் மேட் வைக்கப் பார்க்கும். அதற்கு ஃபிஷரின் பதில் உதவாது.

நம் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம்?

மாவட்டப் போட்டிகளில் சின்னப் பிள்ளைகள் ஆடும் மேஜைகளைச் சுற்றி நடந்து பாருங்கள். இ4, இ5, அடுத்து வெள்ளை ராணி எச்5-க்குப் பாயும். பிறகு மந்திரி சி4. கறுப்புப் பிள்ளை கவனிக்காவிட்டால் எஃப்7-இல் மேட். கவனித்து ஜி6 தள்ளினால் ராணி எஃப்3-க்கு வந்து மறுபடியும் அதே மிரட்டல். குதிரை எஃப்6 வைத்தால் பிழைத்தது. ஸ்டாக்ஃபிஷோடு ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் அது இரண்டாவது நகர்வில் ராணியை எச்5-க்குக் கொண்டுவராது, ஏனென்றால் அது நல்ல நகர்வு இல்லை. பிள்ளைக்கு வரும் முதல் ஆபத்தை உலகின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் ஒருநாளும் காட்டப்போவதில்லை.

"லெவலைக் குறைச்சா போதுமே?" ஸ்டாக்ஃபிஷில் ஸ்கில் லெவல் 0 முதல் 20 வரை உண்டு, உண்மைதான். குறைத்தால் அது நடுநடுவே தற்செயலாகத் தவறு செய்யும். காரணமில்லாமல் ஒரு காயைப் பறிகொடுத்துவிட்டு, அடுத்த ஐந்து நகர்வு கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடும். எந்தப் பிள்ளையும் அப்படித் தவறு செய்வதில்லை. பிள்ளைகளின் தவறுகளில் ஆசை இருக்கும், பயம் இருக்கும், ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும். மனிதர்களைப் போல ஆடப் பழக்கிய மாயா என்ற எஞ்சின் 2020-இல் வந்தது. அதையும் வெவ்வேறு தரத்தில் உள்ளவர்கள் லிசெஸ் இணையதளத்தில் ஆடிய ஆட்டங்களைப் பிரித்தெடுத்துத்தான் பழக்கினார்கள். யாருடைய ஆட்டத்தை எடுப்பது என்ற தேர்விலிருந்து அதுவும் தப்பவில்லை.

இன்னொரு நிலை. இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, மந்திரி சி4, குதிரை எஃப்6, குதிரை ஜி5, டி5, சிப்பாய் டி5-ஐ அடித்தாயிற்று. கறுப்பு என்ன ஆடும்? பெரியவர்கள் புத்தகத்தில் குதிரை ஏ5, அதுதான் சரி. பிள்ளைகள் கை அரித்து உடனே குதிரையால் டி5-ஐ அடிக்கும். அடித்தால் வெள்ளை எஃப்7-இல் குதிரையைக் கொடுத்து ராஜாவை நடு போர்டுக்கு இழுக்கும். ஃபிரைடு லிவர் என்று பெயர் சொன்னதும் பிள்ளைகள் சிரிக்கும் அந்தத் தாக்குதல். இப்போது எடை போடுங்கள். எஞ்சினே போட்டிக்குப் போகிறது என்றால் குதிரை ஏ5-க்கு 100, மற்றதற்கு 0. ஆனால் வெள்ளையில் ஆடும் பத்து வயதுப் பிள்ளைக்குப் பயிற்சி என்றால், தவறான அடிக்கு 70, ஏ5-க்கு 20, டி4-க்குத் தாவும் குதிரைக்கு 10. அதே நிலை, அதே எஞ்சின், நேர்மாறான எடை. இரண்டும் சரி. எது சரி என்பதைத் தீர்மானிப்பது எதிரே உட்காரும் பிள்ளை. இதைச் செய்யப் பெரிய கம்ப்யூட்டரும் வேண்டாம். லிசெஸ் மாதந்தோறும் இலவசமாக வெளியிடும் ஆட்டங்களில் குறைந்த ரேட்டிங் உள்ளவர்களின் ஆட்டங்களை மட்டும் எடுத்து, முதல் எட்டு நகர்வோடு வெட்டி, ஸ்கிட் போன்ற இலவச மென்பொருளில் எடையைத் திருத்தினால், பழைய லேப்டாப்பிலேயே ஓர் இரவு வேலை.

கார்கள் ரயிலேறிப் போகும் ஸ்டேஷன் உள்ள ஊர் வாலாஜாபாத். இங்கே பாதி வீடுகளில் மெஷின் ஷாப்பில் நிற்பவர் ஒருவராவது இருப்பார். அவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிஎன்சி மெஷின் மைக்ரான் அளவில் வெட்டும். இருந்தாலும் செட்டர் வந்து ஆஃப்செட் கொடுத்து, முதல் பீஸை எடுத்து, குவாலிட்டி ஆள் அளந்து ஓகே சொல்லாமல் லைன் ஓடாது. துல்லியமான மெஷின், தவறான ஆஃப்செட்டையும் அதே துல்லியத்தோடு ஆயிரம் பீஸில் வெட்டித் தள்ளும். வேலையில் இதை நாள்தோறும் பார்க்கும் அப்பா, செஸ் என்றதும் "மெஷினே பார்த்துக்கும்" என்று எப்படி நம்புகிறார் என்பதுதான் எனக்கு வியப்பு.

எதிர்த் தரப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிதானமான நேரக் கட்டுப்பாட்டில், சாதாரணத் தொடக்க நிலையிலிருந்து ஆடும் இன்றைய எஞ்சினுக்குப் புத்தகம் சேர்க்கும் பலம் மிகக் குறைவு. எஞ்சினோடு சேர்த்துப் புத்தகத்தை விலைக்கு விற்ற காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு நைடார்ஃப் ஓபனிங்கில் 20 நகர்வு உருப்போடச் சொல்லும் கோச்சை நானும் எதிர்க்கிறேன். இவை எல்லாம் தவறான புத்தகத்துக்கு எதிரான வாதங்கள். புத்தகமே வேண்டாம் என்பதற்கான வாதங்கள் ஆகமாட்டா. எவனோ ஆள் பார்க்காமல் மருந்து எழுதினான் என்பதற்காக யாரும் மருந்துச்சீட்டே வேண்டாம் என்பதில்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது உங்களிடம் ஒரு புத்தகத்தை நீட்டினால், எத்தனை லட்சம் ஆட்டங்கள் என்று கேட்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இந்த எடைகள் யார் ஆடிய ஆட்டங்களிலிருந்து வந்தன? புத்தகம் முடியும் நிலைகளை யார் சரிபார்த்தார்கள்? எந்த எதிராளியை மனதில் வைத்துக் கட்டினீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் வாங்குங்கள். "எஞ்சின் இருக்கே, எதுக்கு இதெல்லாம்?" என்று பதில் வந்தால், அந்த ஆளிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்று யோசிக்க வேண்டிய தன் வேலையை அவர் எஞ்சின் தலையில் கட்டிவிட்டார். எஞ்சினுக்கோ உங்கள் பிள்ளையைத் தெரியாது.